ஒசாகா எக்ஸ்போ 70 நேரில் பார்த்த சேலத்துக்காரர்கள் யாராவது உண்டா?

கோரிமேட்டுக்காரன்

ஜப்பானில் நடந்த உலகப் பொருட்காட்சியான 2025 ஒசாகா எக்ஸ்போ அக்டோபர் 13 அன்று முடிந்தது. எங்கள் அலுவலகத்திலிருந்து போய் வந்தவர்கள் குழுவில் படம் படமாகப் போட்டுத் தள்ளினார்கள். அதை வீட்டில் காட்டினேன். மாமனார் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "இதே ஊரில் 1970லேயே நடந்தது மாப்பிள்ளை, நம்ம சேலத்திலிருந்தே ஆள் போனாங்க" என்றார். யார் என்று கேட்டால் பெயர் வரவில்லை. ஐந்து ரோட்டுப் பக்கம் லேத் பட்டறை வைத்திருந்தவர் என்கிறார்.

தேடிப் பார்த்தேன். 1970 மார்ச் 15 முதல் செப்டம்பர் 13 வரை நடந்திருக்கிறது. 77 நாடுகள், ஆறு கோடியே நாற்பது லட்சத்துக்கும் மேல் பார்வையாளர்கள். அந்தக் கூட்டத்தில் நம்ம ஊர்க்காரர் யாராவது இருந்தால், அல்லது அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் இங்கே இருந்தால், எழுதுங்களேன். வேறு நாட்டு எக்ஸ்போ பார்த்தவர்களும் வரலாம்.

செவ்வாப்பேட்டை

சேலத்தில் முக்கால்வாசிப் பேர் எக்ஸ்போ 70 பார்த்திருக்கிறோமே சார். திரையரங்கில். "உலகம் சுற்றும் வாலிபன்" எடுத்ததே அந்தத் திடலில்தான். 1973 மே மாதம் படம் வந்தது. அப்போது நான் ஏழாம் வகுப்பு. எம்.ஜி.ஆர் பின்னாலேயே போய் நாங்களும் ஜப்பான் சுற்றிவிட்டு வந்தோம். டிக்கெட் செலவு மட்டும்தான், பாஸ்போர்ட் தேவைப்படவில்லை.

நாலுரோடு_நக்கல்

நம்ம ஊர் அனுபவம் என்று நினைத்து உள்ளே வந்தேன், கடைசியில் எம்.ஜி.ஆர் படமா. நடத்துங்கள்.

பழைய_டர்னர்

எல்லோருக்கும் வணக்கம். ஐந்து ரோடு, லேத் பட்டறை, ஜப்பான் என்றால் அது நானாகத்தான் இருக்க வேண்டும். அந்தத் தெருவில் வேறு பட்டறைகளும் இருந்தன, ஆனால் ஜப்பான் போனவன் நான் ஒருத்தன்தான். நான் சொல்லச் சொல்லப் பேரன் டைப் அடிக்கிறான். எழுத்துப்பிழை இருந்தால் அவன் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.

பட்டறை வைப்பதற்கு முன்னால் ஒரு தொழிற்பயிற்சி நிலையத்தில் டர்னர் பிரிவுக்குப் பயிற்றுநராக இருந்தேன். ஆசிய நாடுகளுக்குத் தொழில்நுட்ப உதவி தரும் கொழும்புத் திட்டத்தின் கீழ் ஜப்பானுக்குப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். சேலம் ஜங்ஷனில் வழியனுப்ப ஒரு பட்டாளமே வந்தது. மாலை போட்டார்கள். அம்மா ஒரு டப்பா நிறையப் பருப்புப்பொடியும் புளிக்காய்ச்சலும் கொடுத்து அனுப்பினார். கையில் வெளிநாட்டுப் பணம் 8 டாலர். அப்போது அதற்குத்தான் அனுமதி. டாலர் ஏழரை ரூபாய். அங்கே ஒரு டாலருக்கு 360 யென். பயிற்சிப்படி கைக்கு வரும்வரை அந்த 8 டாலரை உடைக்கவே பயந்துகொண்டு புளிக்காய்ச்சலில் ஓட்டினேன்.

எக்ஸ்போ நுழைவுச்சீட்டு பெரியவர்களுக்கு 800 யென். நம்ம கணக்கில் பதினாறு பதினேழு ரூபாய் வரும். அன்றைய பதினேழு ரூபாய். அந்தப் பணத்துக்கு உள்ளே இருக்கும் கடைசிக் கொடிக்கம்பம் வரை பார்த்துவிட வேண்டும் என்று சங்கல்பம் எடுத்துக்கொண்டுதான் கிளம்பினேன்.

ஊருக்குள்ளிருந்து வரும் ரயில் பாதையையே பொருட்காட்சி வாசல் வரை நீட்டியிருந்தார்கள். இறங்கியதும் எதிரே சூரிய கோபுரம். 70 மீட்டர் உயரம், இரண்டு பக்கமும் கை விரித்து நிற்கும். உச்சியில் தங்க நிற முகம், நடுவில் ஒரு முகம், முதுகில் கறுப்பாக ஒரு முகம். டாரோ ஒகமோடோ என்ற கலைஞர் செய்தது. உண்மையைச் சொன்னால் முதல் பார்வையில் எனக்குப் பிடிக்கவில்லை. என் கண் போனது அதைச் சுற்றியிருந்த கூரைக்கு. கென்சோ டாங்கே என்ற கட்டடக் கலைஞர் போட்ட கூரை அது. கிட்டத்தட்ட 290 மீட்டர் நீளம், 108 மீட்டர் அகலம், எல்லாம் இரும்புக் குழாய். கோபுரத்தின் தலை வெளியே போவதற்காக நடுவில் வட்டமாக ஓட்டை விட்டிருந்தார்கள். குழாய்கள் சேரும் இடமெல்லாம் வார்ப்பு எஃகில் ஒரு உருண்டை. எத்தனையோ குழாய்கள் எத்தனையோ கோணத்தில் வந்து அந்த உருண்டையில் முடிகின்றன. தரையில் வைத்தே கோத்துவிட்டு ஜாக்கி கொடுத்து மொத்தமாக மேலே தூக்கினார்களாம். ஓர் உருண்டையில் கோணம் கொஞ்சம் பிசகினாலும் அது அடுத்ததில் கூடும், அதற்கடுத்ததில் இன்னும் கூடும். டர்னருக்கு இது தெரியும். நான் அண்ணாந்தபடியே நின்றுவிட்டேன். கூட வந்த இலங்கைப் பையன் சட்டையைப் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது.

மிச்சத்தைப் பேரன் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் சொல்கிறேன்.

கோரிமேட்டுக்காரன்

ஐயா! நீங்கள்தான் என்று மாமனார் அடித்துச் சொல்கிறார். உங்கள் பட்டறையில் மொபெட் செயின் கவர் ஒட்டியிருக்கிறாராம். உங்களுக்கு வணக்கம் சொல்லச் சொன்னார்.

கன்னங்குறிச்சி_அக்கா

ஐயா, சாப்பாட்டுக்கு என்ன செய்தீர்கள்? அந்தக் காலத்தில் ஜப்பானில் சைவம் கிடைத்ததா? நிலாக் கல் வைத்திருந்தார்களாமே, பார்த்தீர்களா?

செவ்வாப்பேட்டை

நிலாக் கல் கிடக்கட்டும் அக்கா. எம்.ஜி.ஆரைப் பார்த்தீர்களா ஐயா? அவர்களும் அந்த வருஷம்தானே போனார்கள்.

பழைய_டர்னர்

எம்.ஜி.ஆரைப் பார்க்கவில்லை தம்பி. தெரிந்திருந்தால் பயிற்சியையே விட்டுவிட்டு ஓடியிருப்பேன். மூன்று வருஷம் கழித்துப் படம் வந்தபோது சேலத்தில் முதல் வாரமே போய் உட்கார்ந்தேன். எக்ஸ்போ காட்சி வந்ததும் பக்கத்துச் சீட்டுக்காரரிடம் "இந்த இடத்தில் நான் நின்றிருக்கிறேன்" என்றேன். அவர் திரும்பியே பார்க்கவில்லை. "அட ஆமாங்க, அதோ அந்தப் பாலத்தில்" என்றேன். "உட்காருய்யா, தலைவரை மறைக்குது" என்று பின்வரிசையிலிருந்து சத்தம் வந்தது. எழுந்து நின்று கையை நீட்டிக் காட்டியிருக்கிறேன், எனக்கே தெரியவில்லை.

சாப்பாடு அம்மா கொடுத்த புளிக்காய்ச்சல், வெள்ளைச் சோறு. சோறு மட்டும் எங்கே கேட்டாலும் கிடைத்தது. இந்திய அரங்கம் இருந்தது. அங்கே நம்ம முகங்களைப் பார்த்ததே பாதி சாப்பாடு.

இப்போது நிலாக் கல். அது அமெரிக்க அரங்கில் இருந்தது. அந்த அரங்கத்துக்குத் தூணே கிடையாது. கூரை துணி, உள்ளேயிருந்து காற்றை அடித்து நிற்க வைத்திருந்தார்கள், மேலே கம்பிவடம் போட்டுப் பிடித்திருந்தார்கள். ஆனால் வரிசை! வெயிலில் மணிக்கணக்காக நிற்க வேண்டும். சேலத்து வெயிலில் வளர்ந்தவனுக்கே அந்தப் புழுக்கம் தாங்கவில்லை. எங்களுக்கு முன்னால் நின்ற பாட்டி மடக்கு நாற்காலி, விசிறி, சோற்றுப் பொட்டலம் எல்லாவற்றோடும் வந்திருந்தார். அவர் தயாரிப்பைப் பார்த்ததுமே இது நமக்கு ஆகாது என்று வரிசையை விட்டு வெளியே வந்துவிட்டேன்.

நாலுரோடு_நக்கல்

அங்கே வரை போய் நிலாக் கல் பார்க்காமல் வந்தீர்களா? திருப்பதி போய்க் கொடிமரத்தைக் கும்பிட்டுவிட்டு வந்த கதையாக இருக்கிறதே.

பழைய_டர்னர்

ஆமாம் தம்பி. கல் பார்க்க நான் போகவில்லை. இரும்பு பார்க்கப் போனேன்.

1970இல் சேலத்தில் யாரைக் கேட்டாலும் இரும்பாலை பேச்சுதான். டீக்கடையில், சலூனில், பட்டறையில், எங்கேயும். வருமா வராதா, கஞ்சமலை இரும்பை எடுப்பார்களா, நம்ம பையன்களுக்கு வேலை கிடைக்குமா. ஊரிலிருந்து வரும் கடிதத்திலும் அதுதான். என் மாணவர்கள் பாதிப்பேர் அந்த நம்பிக்கையில்தான் டர்னர், ஃபிட்டர் படித்தார்கள். ஜப்பான் அப்போது உருக்கில் எங்கேயோ போய்க்கொண்டிருந்தது. அந்த நாட்டு உருக்குக் கம்பெனிகள் எல்லாம் சேர்ந்து ஓர் அரங்கம் போட்டிருக்கின்றன என்றதும், உலை வைத்திருப்பார்கள், உருட்டாலை ஓடும், குறிப்பு எடுத்துக்கொண்டு போய்ப் பையன்களுக்குச் சொல்லலாம் என்று நோட்டுப் புத்தகமும் பென்சிலுமாகப் போனேன்.

உள்ளே போனால் உலையும் இல்லை, உருட்டாலையும் இல்லை. பாட்டுக் கச்சேரி!

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. முன்கூடத்தில் இரும்புத் தண்டுகளும் தகடுகளும் கொண்டு செய்த பெரிய பெரிய சிற்பங்கள். பாஷே என்ற பிரெஞ்சுக்காரர் செய்தவை. அவை எல்லாமே வாத்தியம். தண்டை வருடினால் நாதம் வரும், மேலே பொருத்திய தகடு அதைப் பெருக்கும். அடுத்தது வட்டமான கூடம். அங்கே ஆயிரத்துக்கும் மேல் ஒலிபெருக்கிகள். சுவரில், கூரையில், காலுக்குக் கீழே தரையில்கூட. விளக்கை அணைத்ததும் ஒரு சத்தம் தலைக்கு மேலே தொடங்கி, சுற்றி வந்து, உள்ளங்காலில் இறங்கியது. நம்ம காதுக்குப் பழகிய சங்கீதம் எதுவும் இல்லை. அறுப்பது, இழுப்பது, எங்கோ தூரத்தில் எதையோ போட்டு உருட்டுவது. பக்கத்தில் ஒரு குழந்தை வீறிட்டு அழுதது. அதுவும் கச்சேரியில் சேர்த்தியா என்று யாருக்கும் தெரியவில்லை.

எனக்கு அங்கே ஒன்று பட்டது. லேத்தில் நிற்கிறவன் கண்ணைவிடக் காதைத்தான் நம்புவான். டூல் பிட் மழுங்கினால் சத்தம் மாறும். பேரிங் போகப் போகிறதென்றால் ஒரு வாரம் முன்னாலேயே சொல்லிவிடும். இரும்பு பேசும் என்று பையன்களுக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான். அதற்குக் கூடம் கட்டி ஆயிரம் ஸ்பீக்கர் வைத்துக் காட்டுவார்கள் என்று நினைத்துப் பார்த்ததில்லை. நோட்டில் ஒரு வரி எழுதவில்லை. காட்சி முடிந்ததும் வெளியே வந்து, மறுபடி வரிசையில் போய் நின்றேன். இலங்கைப் பையன் கோபித்துக்கொண்டு சோவியத் அரங்கம் பார்க்கப் போய்விட்டான்.

இரும்பாலை_ரிட்டயர்டு

ஐயா, படித்ததும் உடம்பு சிலிர்த்தது. தேதிகளை மட்டும் நான் சேர்க்கிறேன், இளைஞர்களுக்கு உதவும்.

சேலம் இரும்பாலை கேட்டு 1967 ஜூலையில் அண்ணா எழுச்சி நாள் நடத்தினார். 1970 ஏப்ரலில், அதாவது ஐயா சொல்லும் எக்ஸ்போ நடந்துகொண்டிருந்தபோது, இந்திரா காந்தி நாடாளுமன்றத்தில் சேலம், விசாகப்பட்டினம், விஜயநகர் மூன்றுக்கும் ஆலை என்று அறிவித்தார். சேலத்தில் அடிக்கல் நாட்டியது 1970 செப்டம்பர் 16. எக்ஸ்போ முடிந்தது செப்டம்பர் 13. அங்கே கூடாரம் பிரிக்க ஆரம்பித்த அதே வாரம் இங்கே கல் நட்டிருக்கிறார்கள்.

கல் நட்டதோடு சரி. ஆலை ஓடத் தொடங்க 1981 ஆனது. அதுவும் குளிர் உருட்டாலை மட்டும். வெளியிலிருந்து சுருள் வரும், அதைத் துருப்பிடிக்காத எஃகுத் தகடாக மெலிதாக்கி அனுப்புவோம். சூடாக உருட்டும் ஆலை 1995இல்தான் வந்தது. உருக்கு உருக்கும் பிரிவு 2010 வாக்கில். அதற்குள் நான் ஓய்வு பெற்றுவிட்டேன். கஞ்சமலை இருந்த இடத்திலேயே இருக்கிறது.

ஆக, ஜப்பான்காரன் அரங்கத்தில் உலை இல்லை என்று நீங்கள் குறைப்பட்டுக்கொண்டீர்கள். நான் வேலை பார்த்த காலம் முழுவதும் நம்ம ஆலையிலும் உலை கிடையாது.

பழைய_டர்னர்

நல்லாச் சொன்னீர்கள்! ஆனால் உங்கள் ஆலைத் தகட்டுக்கு மினுமினுப்பு உண்டு, அதை மறுக்க மாட்டேன். வெளிநாட்டில் இருக்கும் மகள் வீட்டில் பாத்திரத்தைக் கவிழ்த்துப் பார்த்து சேலம் முத்திரை இருக்கிறதா என்று தேடியவன் நான்.

அம்மாபேட்டை_பாவு

நாங்கள் மூன்று தலைமுறையாகத் தறிக்காரர்கள். ஐயா, ஜவுளிக்கு ஏதாவது வைத்திருந்தார்களா?

பழைய_டர்னர்

இருந்தது தம்பி. ஜவுளி அரங்கம்தான் அங்கே பெரிய வேடிக்கை. சிவப்பாக ஒரு கும்மட்டம், அதைச் சுற்றிச் சாரம் கட்டியபடியே நிற்கிறது. சாரத்திலும் சிவப்புச் சாயம். வேலை முடியவில்லை போலிருக்கிறது, பாதியில் திறந்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். அண்ணாந்து பார்த்தால் சாரத்தின் மேல் தொழிலாளிகள். அவர்களும் சிவப்பு. அசையவே இல்லை. பொம்மை! கூடவே காக்கை பொம்மைகள். வேண்டுமென்றே அப்படி விட்டிருக்கிறார்கள், பாதியில் நின்ற கட்டடம்தான் அந்த அரங்கின் கலையே. நம்ம ஊரில் பாதியில் நிற்கும் கட்டடங்களுக்கு இதுவரை யாரும் பரிசு கொடுத்ததாகத் தெரியவில்லை.

உள்ளே துணியைவிடப் படமும் வெளிச்சமும்தான் அதிகம். தறி ஒன்று ஓடினால் நன்றாக இருந்திருக்கும் என்று எனக்கும் பட்டது.

அம்மாபேட்டை_பாவு

நம்ம ஊர்ப் பொருட்காட்சியில் தறி வைப்பார்கள் ஐயா. ஆடி மாதம் கோட்டை மாரியம்மன் பண்டிகைக்குப் போஸ் மைதானத்தில் நடக்குமே. என் தாத்தாவே ஒரு வருஷம் அங்கே உட்கார்ந்து நெய்து காட்டினார். வெண்பட்டு வேட்டி. கூட்டம் நின்று பார்த்தது. ஒரு பொடியன் பாவு நூலை இழுத்து அறுத்துவிட்டு ஓடிவிட்டான். தாத்தா திட்டவில்லை. இழையைத் தேடி எடுத்து, எச்சில் தொட்டு, விரலால் திரித்து ஒட்டினார். அதற்குத்தான் கைதட்டல் வந்தது! நெய்ததற்கு ஒருவரும் தட்டவில்லை.

கன்னங்குறிச்சி_அக்கா

போஸ் மைதானமா! டெல்லி அப்பளம், மிளகாய் பஜ்ஜி, மரணக் கிணறு. பொதுப்பணித் துறை அரங்கில் மேட்டூர் அணை மாதிரி வைத்திருப்பார்கள், பொத்தானை அழுத்தினால் மதகில் நிஜத் தண்ணீர் வரும். எங்கள் அப்பா ஒவ்வொரு வருஷமும் அதன் முன்னால் நின்று, "இந்த அணை 1934இல் கட்டி முடித்தது, 120 அடி" என்று ஆரம்பித்துவிடுவார். நாங்கள் அப்பளத்துக்காகக் காத்திருப்போம். தலை மட்டும் பேசும் பெண் அரங்கத்துக்கு மட்டும் கூட்டிப்போகவே மாட்டார். அது ஏமாற்று என்பார். இன்றுவரை நான் பார்க்கவில்லை.

நாலுரோடு_நக்கல்

தலைப்பு உலகப் பொருட்காட்சி. மிளகாய் பஜ்ஜி எந்த நாட்டு அரங்கம் அக்கா?

மட்டுறுத்துநர்

போஸ் மைதானப் பதிவுகளைத் தனி இழைக்கு மாற்றலாமா என்று கேட்டு மூன்று பேர் எழுதினார்கள். மாற்ற வேண்டாம் என்று பதினோரு பேர். இங்கேயே இருக்கட்டும். மரணக் கிணற்றில் விழுந்தவர்கள் பற்றிய வதந்திகளை மட்டும் தவிர்க்கவும்.

சேர்வராயன்_காப்பி

ஏற்காட்டிலிருந்து எழுதுகிறேன். எனக்கு எக்ஸ்போ வந்தது மலைக்கு மேலே, பள்ளிக்கூடத்தில். எங்களுக்குப் பாடம் எடுத்த ஃபாதர் ஒருவர் 1967இல் கனடாவில் மாண்ட்ரியால் எக்ஸ்போ பார்த்துவிட்டு வந்திருந்தார். ஸ்லைடு புரொஜெக்டர் இருந்தது, திரை இல்லை. விடுதிப் படுக்கை விரிப்பு இரண்டைச் சேர்த்துத் தைத்துக் கட்டினார்கள். நடுவில் தையல் ஓடும். எந்தப் படம் வந்தாலும் நடுவில் ஒரு கோடு.

அமெரிக்க அரங்கம் பக்மின்ஸ்டர் புல்லர் கட்டிய பெரிய கோளம், முக்கோண முக்கோணமாகச் சட்டம் போட்டது. ஃபாதர் அந்த ஸ்லைடைத் தலைகீழாகப் போட்டுவிட்டார். குழிக்குழியாக, பெரிய பணியாரச் சட்டி. அவர் திருத்துவதற்குள் கூடமே சிரித்து முடித்துவிட்டது. அப்புறம் "ஹாபிடாட்" என்று பெட்டி பெட்டியாக அடுக்கிய வீடுகள். ஒருவர் வீட்டுக் கூரை இன்னொருவர் தோட்டம். எஸ்டேட் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்த என் நண்பன், "மழை பெஞ்சா ஒழுகுமா ஃபாதர்?" என்று கேட்டான். நியாயமான கேள்வி. அவர் பதில் சொல்வதற்குள் கரண்ட் போய்விட்டது. மலையில் சாயங்காலம் மூடுபனி இறங்கினால் கரண்டும் இறங்கிவிடும்.

அந்த நண்பன் பிறகு கட்டடப் பொறியாளர் ஆனான். நான் காப்பியிலேயே கிடக்கிறேன். அந்தக் கோளத்தின் மேல்தோல் 1976இல் தீப்பிடித்து எரிந்தது, இரும்புக்கூடு மட்டும் நின்றது என்று அவன்தான் போன் பண்ணிச் சொன்னான்.

சூரமங்கலம்_ரயில்வே

வெளிநாடு போகாதவன் நான். ஆனால் டெல்லியில் ஆசியா 72 பார்த்தேன். ரயில்வே பாஸ், ஜி.டி. எக்ஸ்பிரஸ். 1972 நவம்பரில் பிரகதி மைதானத்தில் தொடங்கியது. டர்னர் ஐயா கூரையைப் பற்றி எழுதியதும் எனக்கு ஞாபகம் வந்தது. அங்கே ராஜ் ரேவல் வடிவமைத்த நாடுகளின் மண்டபம் இருந்தது, கணக்குப் போட்டவர் மகேந்திர ராஜ். ஒசாகாவில் குழாயால் செய்த அதே முப்பரிமாணச் சட்டத்தை இங்கே கான்கிரீட்டில் வார்த்திருந்தார்கள். அந்த அளவுக்கு இரும்பு நம்மிடம் இல்லை, கூலிக்கு ஆள் இருந்தது. கைவேலையாகவே பெட்டி அடித்து, வார்த்து, ஏற்றியிருக்கிறார்கள். உள்ளே நின்றால் முக்கோணங்கள் வழியாக வெயில் தரையில் விழும்.

2017 ஏப்ரலில் ஒரே இரவில் இடித்துத் தள்ளினார்கள். செய்தித்தாளில் படம் பார்த்து அன்று சாப்பாடு இறங்கவில்லை. ஐம்பது வருஷம்கூட ஆகவில்லை அதற்கு.

நாலுரோடு_நக்கல்

இப்போது சீரியஸாகவே கேட்கிறேன். ஆறு மாதக் கூத்து. கோடி கோடியாகச் செலவு. முடிந்ததும் இடிப்பு. இதில் என்ன நினைவு வேண்டிக்கிடக்கிறது? அதே பணத்தில் நாலு ஊருக்குக் குடிதண்ணீர் கொடுத்திருக்கலாம்.

இரும்பாலை_ரிட்டயர்டு

தம்பி கேட்பதில் நியாயம் இல்லாமல் இல்லை. அப்போதே ஜப்பானிலும் எதிர்ப்பு இருந்தது. ஓர் ஆள் சூரிய கோபுரத்தின் தங்க முகத்தில் ஏறி, கண்ணுக்குள் போய் உட்கார்ந்துகொண்டார். ஒரு வாரம் வரை இறங்கவில்லை. கீழே கூட்டம் அரங்கங்களை விட்டுவிட்டு அவரை வேடிக்கை பார்த்தது.

பழைய_டர்னர்

கூத்துதான். ஆனால் ஒன்று சொல்கிறேன். அங்கே தொலைபேசி அரங்கில் கம்பியில்லாத போன் வைத்திருந்தார்கள். கையில் எடுத்துக்கொண்டு நடந்தபடியே ஜப்பானில் எந்த ஊருக்கும் பேசலாம். எனக்குப் பேச ஆள் இல்லை. பயிற்சி நிலைய விடுதிக் காவலர் எண்ணைப் போட்டு, "நான்தான், சாயங்காலம் வருவேன்" என்று அரைகுறை ஜப்பானியத்தில் சொன்னேன். அவர் "தெரியும்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

ஊருக்குத் திரும்பிப் பட்டறைக்குப் போன் கேட்டு விண்ணப்பம் போட்டேன். பெண் பிறந்து, அவள் பள்ளிக்கூடம் சேர்ந்து, பத்தாவது எழுதும்போதுதான் இணைப்பு வந்தது. கறுப்பு டயல் போன். பூட்டுப் போட்டு வைத்திருந்தேன். நடந்துகொண்டே பேசும் போன் வரும், நானே பேசினேன் என்று சொல்வேன். பட்டறைப் பையன்கள் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு சிரிப்பார்கள். அவர்கள் எல்லோரிடமும் இப்போது இரண்டிரண்டு செல்போன். ஒருத்தனும் மன்னிப்புக் கேட்கவில்லை.

தண்ணீர் வேண்டும் தம்பி, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் 1970இல் அந்தப் போனைக் கையில் பிடித்த ஒருவன் ஐந்து ரோட்டில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தான் என்பது எனக்குச் சந்தோஷம். அதை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

நாலுரோடு_நக்கல்

சரி ஐயா, விட்டுக்கொடுக்க வேண்டாம். மனித வாஷிங் மெஷின் என்று ஒன்று இருந்ததாமே, அதில் ஏறினீர்களா?

பழைய_டர்னர்

சான்யோ அரங்கில் இருந்தது. ஏறுவதற்கு அங்கேயே ஒரு பெண் இருந்தார், நாம் பார்க்கலாம், அவ்வளவுதான். உட்கார்ந்தால் தண்ணீர் வரும், நுரை வரும், மசாஜ் உருண்டைகள் சுழலும், கடைசியில் காய வைத்துவிடும். பார்த்ததும் எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் நாளுக்கு இது உதவாது, சீயக்காய் போட இடமில்லை என்று எழுதிவைத்தேன். நோட்டில் எழுதிய ஒரே குறிப்பு.

செவ்வாப்பேட்டை

என் அண்ணன் மகன் வேலை பார்த்த கம்பெனியில் ஒரு ஜப்பானியர். 1985 சுக்குபா எக்ஸ்போவில் ஒரே தக்காளிச் செடியில் பத்தாயிரத்துக்கும் மேல் காய் காய்த்ததைப் பார்த்தேன் என்பாராம். மண்ணே இல்லாமல், தண்ணீரில் வளர்த்தது. நம்ம தலைவாசல் சந்தைக்கு அது வந்திருந்தால் விலை என்னவாகியிருக்கும் என்றுதான் யோசித்தேன்.

ஒசாகா_சேலத்துப்பொண்ணு

வணக்கம். தோழி இந்த இணைப்பை அனுப்பினாள். சொந்த ஊர் அழகாபுரம், நாலு வருஷமாக ஒசாகாவில் இருக்கிறேன். 2025 எக்ஸ்போவுக்கு முதல் மாதமே போனேன். திடலைச் சுற்றி சோ ஃபுஜிமோடோ வடிவமைத்த பெரிய மர வளையம், சுற்றளவு 2 கிலோமீட்டர். மேலே ஏறி நடக்கவும் விட்டார்கள். உங்கள் காலத்துக் குழாய்க் கூரைக்குப் பதில் இந்த முறை மரம். மனித வாஷிங் மெஷினும் புதிதாக்கிக் கொண்டுவந்திருந்தார்கள், ஐயா. சீயக்காய் வசதி இன்னும் இல்லை.

ஆனால் எழுத வந்தது வேறு. 1970 திடல் இப்போது பூங்கா. கிட்டத்தட்ட எல்லா அரங்கங்களும் போய்விட்டன. சூரிய கோபுரம் நிற்கிறது, 2018இல் உள்பக்கத்தையும் சரிசெய்து மறுபடி திறந்தார்கள். இடிக்காமல் விட்ட அரங்கங்களில் ஒன்று எது தெரியுமா? உங்கள் உருக்கு அரங்கம்தான், ஐயா. 2010 முதல் அதுதான் எக்ஸ்போ 70 அருங்காட்சியகம்.

பழைய_டர்னர்

அம்மா, என்ன சொல்கிறாய்? அந்த வட்டக் கூடம் இருக்கிறதா? ஸ்பீக்கர் எல்லாம்?

ஒசாகா_சேலத்துப்பொண்ணு

இருக்கிறது ஐயா. உள்ளே நடந்து போக விடுவதில்லை, கண்ணாடி வழியாகப் பார்க்கலாம். பாஷே சிற்பங்களில் சிலவற்றைப் பழுது பார்த்து வைத்திருக்கிறார்கள்.

கோரிமேட்டுக்காரன்

ஐயாவை அனுப்பி வைக்கலாமா? நிதி திரட்டுவோமா? நான் தயார்.

பழைய_டர்னர்

எனக்கு எண்பது தாண்டிவிட்டது தம்பி. முழங்காலைத் தாங்கிக்கொண்டுதான் மாடிப்படியே ஏறுகிறேன். மருமகன் அடுத்த ஏப்ரலில் வேலை விஷயமாக ஜப்பான் போகிறார். அவரிடம் ஒரு வேலை கொடுத்தால் செய்வார். அம்மா, என்றைக்கு, எப்படிப் போக வேண்டும் என்று மட்டும் சொல்லு.

ஒசாகா_சேலத்துப்பொண்ணு

புதன்கிழமை பெரும்பாலும் பூங்காவுக்கு விடுமுறை, அதைத் தவிர்க்கச் சொல்லுங்கள். மோனோரயிலில் பூங்கா நிலையத்தில் இறங்கினால் கோபுரம் தெரியும். கோபுரத்துக்குள் போக முன்பதிவு வேண்டும், படியேற வேண்டும். அருங்காட்சியகம் பக்கத்திலேயே நடக்கும் தூரம். அவர் எண்ணை எனக்குத் தனிச்செய்தியில் அனுப்புங்கள், கூடவே போகிறேன். ஐயா, என்ன பார்த்துவரச் சொல்ல வேண்டும்?

பழைய_டர்னர்

கூடத்தின் தரையைப் படம் எடுத்து வரச் சொல்லு. தரைக்கடியில் ஸ்பீக்கர் வைத்து மேலே என்ன போட்டு மூடினார்கள் என்று அன்றைக்கு இருட்டில் தெரியவில்லை. கம்பி வலையா, துளை போட்ட தகடா? தகடென்றால் எத்தனை மில்லிமீட்டர், துளையைப் பஞ்ச் அடித்ததா, டிரில் போட்டதா? ஓரத்தைக் கிட்டத்தில் எடுத்தால் பிசிறு வைத்தே சொல்லிவிடுவேன்.